ரூத்தம்மா அனுப்பின சுத்தியல்

இந்தா பாப்பா, இதை நீயே திருப்பி எடுத்துகிட்டுப் போயிடு. பையில போடு. இல்ல, மொதல்ல டீயைக் குடி, ஆறிடும். குடிச்சிட்டுப் போடு.

அமெரிக்காவுலேர்ந்து ஏரோபிளேன் ஏறி வந்துருக்கு, ரெண்டு அட்டைப்பெட்டி, உள்ள காயிதம், அதுக்குள்ள துணி. நான் என்னாமோன்னு பிரிக்கிறேன். பிரிச்சிப் பாத்தா சுத்தியல். ரூத்தம்மா உயில்லயே எழுதி வெச்சிருக்காங்கன்னு சொன்ன பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. வீடு அண்ணன் மவனுக்கு. பானை செய்யற சக்கரம் அவங்க வேலை பாத்த காலேஜுக்கு. பானையெல்லாம் மியூசியத்துக்கு. அஞ்சலாட்சிக்கு என்னா? சுத்தியல். ஒரு புடவை குடுத்துருந்தா கூட கட்டிக் கிழிச்சிருப்பேன். இருபத்தெட்டு வருஷம் அந்தம்மா சூளைக்கு நெருப்பு வெச்சவ நான்.

உன் புஸ்தகத்துல போடற அந்தப் படத்தை இன்னொருவாட்டி காட்டு. ஆமா, நான்தான். முடி கருப்பா இருக்கு பாரு. பக்கத்துல ரூத்தம்மா, கையெல்லாம் மண்ணு. கீழ என்னா எழுதிருக்குன்னு சொன்ன? "சூளைப் பணியாளருடன்". அவங்களுக்குப் பேரு இருக்கு, ஊரு இருக்கு, பொறந்த வருஷம் இருக்கு. எனக்குப் பணியாளரு. கூலின்னு எழுத வேண்டியதுதானே, எழுத்தாவது மிச்சம். மாத்தி எழுதறோம், என்னா எழுதட்டும்னு நீ கேக்குற. உன்னைச் சொல்லல பாப்பா, நீ நல்ல பொண்ணு, மெட்ராஸ்லேர்ந்து பஸ்ஸு புடிச்சி இந்த வெயில்ல வந்துருக்க. ஆனா அதை என்னைக் கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்? நான் யாருன்னு அந்தம்மா இல்ல சொல்லியிருக்கணும். அவங்கதான் சொல்லிட்டாங்களே. சுத்தியலு.

உனக்குப் புரியல. ஒக்காரு, சொல்றேன். சூளை இன்னும் ஆறல. மத்தியானத்துக்கு மேலதான் கதவு பிரிக்கலாம். அதுவரைக்கும் எனக்கும் வேலை இல்ல.

நான் கொயவர் வீட்டுப் பொண்ணு இல்ல. அதைத் தெரிஞ்சிக்க. சவுக்குத்தோப்புல மரம் வெட்டுற கூலி. எங்க வீட்டுக்காரரு வெட்டுவாரு, நான் கெளையைக் கழிச்சிக் கட்டுவேன். ஒரு நாளு மேஸ்திரி சொன்னாரு, கடலோரத்துல ஒரு வெள்ளக்காரம்மா வந்துருக்கு, பானை சுடுதாம், ஒரு வண்டி விறகு கேக்குதுன்னு. வண்டியோட போனோம். எறக்கிட்டுக் கெளம்பறப்போ அந்தம்மா ஒரு கட்டையை எடுத்து மோந்து பாத்துட்டு, இது காஞ்சதான்னு கையாலயே காட்டிக் கேக்குது. நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? காயல, இன்னும் ரெண்டு மாசம் போவணும், இப்ப எரிச்சா பொகைதான் வரும்னு சொல்லிட்டேன். மேஸ்திரி என்னை மொறைக்கிறாரு. அந்தம்மா என்னையே பாத்துகிட்டு நின்னுச்சி. மறுநாளே ஆளு அனுப்பிச்சி வேலைக்குக் கூப்பிட்டாங்க.

அவங்க கதை உனக்குத் தெரியும், நீதான் புஸ்தகம் போடுறியே. மினசோட்டாவுல காலேஜு வாத்தியாரு, பதினெட்டு வருஷம் பானை செய்யக் கத்துக்குடுத்தாங்க. அப்பறம் என்னா சண்டையோ, விட்டுட்டு வந்துட்டாங்க. நாப்பத்தெட்டு வயசுல, ஒத்தைப் பொம்பளையா, மொழி தெரியாத ஊருக்கு. ரெண்டு பெட்டி கொண்டாந்தாங்க. ஒண்ணுல துணி. இன்னொண்ணுல எழுத்தாணி மாதிரி குச்சிங்க, கம்பி, பஞ்சு, இந்த சுத்தியல். அவங்க அப்பா தச்சரு, அவரு கையில இருந்ததாம். பிடி பாரு, அதே மரம். மாத்தவே இல்ல.

அவங்க என்னா செய்வாங்கன்னா, ரெண்டு நாளு சூளை எரியும், மூணு நாளு ஆறும். ஆறாம் நாளு கதவு பிரிப்போம். கதவுன்னா மரக்கதவு இல்ல, செங்கல்லு அடுக்கி மண்ணு பூசறதுதான். ஒவ்வொரு கல்லா எடுத்து, உள்ள இருக்கறதை ஒண்ணொண்ணா வெளியில கொண்டாந்து வெயில்ல வெப்பேன். அந்தம்மா ஒண்ணொண்ணா கையில எடுக்கும். சுத்தும். வெரலால தட்டிக் காதுல வெச்சிக் கேக்கும். பாதிப் பானைக்கு ஒண்ணும் சொல்லாது, பலகையில வெச்சிடும். மீதிப் பாதியைப் பாத்து, "நல்லா இருக்கு. போதாது." அவ்வளவுதான். சுத்தியலால ஒரே போடு. தமிழ்ல மொதமொதல்ல கத்துகிட்ட நாலு வார்த்தையில அது ரெண்டு.

எனக்கு மொத வருஷம் பூரா மனசு ஆறல. அத்தனை விறகு தூக்கிப் போட்டு, முதுகு ஒடைஞ்சி சுட்டது, ஒரு கீறல் இல்ல, ஓட்டை இல்ல, போட்டு ஒடைக்கும் அந்தம்மா. ஏம்மா, எனக்குக் குடுங்க, மோர் ஊத்தி வெச்சிக்கிறேன்னு கேட்டேன். குடுக்கல. என் பேரைச் சுமந்துகிட்டு அது தெருவுல சுத்தும்னு சொன்னாங்க. சுத்தட்டுமே, என்னா கொறைஞ்சிடும்? அதுக்கு ஒரு சிரிப்பு.

ஆனா படிக்க வர்ற பொண்ணுங்க இருக்காங்க பாரு, பம்பாய், டில்லி, வெளிநாடு, மூணு மாசத்துக்கு ஆறு பேரு வருவாங்க. அவங்க செய்யறதைப் பாத்தா உனக்குச் சிரிப்பு வரும். ஒண்ணு கோணல். ஒண்ணுக்குக் காது ஒரு பக்கம், வாயி ஒரு பக்கம். ரோஷ்னின்னு ஒருத்தி, டம்ளர் செஞ்சா அது சாஞ்சி நிக்கும், குடிகாரன் சுவத்துல சாஞ்ச மாதிரி. அதைக் கையில எடுத்துத் தடவி, அந்தம்மா சொல்லும், "நல்லா இருக்கு." அதோட முடிஞ்சிது. போதாதுன்னு வாயில வராது. சுத்தியல் ஆணியில தொங்கும். அந்தப் பொண்ணு அதை பேப்பர்ல சுத்திப் பெட்டியில வெச்சி பம்பாய்க்குக் கொண்டு போவா. பணக்காரப் பொண்ணு செஞ்ச கோணல் நல்லா இருக்கு. சரி. அவங்க எடம், அவங்க இஷ்டம். எனக்கென்னா.

இப்ப என் விஷயத்துக்கு வரேன்.

மத்தியானம் சாப்பிட்டுட்டு அந்தம்மா படுக்கும். பொண்ணுங்க கடலுக்குப் போயிடுவாங்க. சக்கரம் சும்மா கெடக்கும். கால்ல ஒதைக்கிற சக்கரம். வேலைக்குச் சேந்து மூணு வருஷம் கழிச்சி, ஒரு நாளு கொஞ்சம் மண்ணை வெச்சி ஒதைச்சிப் பாத்தேன். மண்ணு எங்கயோ பறந்து போச்சி. மறுநாளு திரும்பவும் வெச்சேன். மண்ணை நடுவுல நிறுத்தறதுக்கு மட்டும் எட்டு மாசம் ஆச்சி எனக்கு. யாரும் சொல்லித் தரல. வெளக்கமாத்தை வெச்சிகிட்டு, கூட்டுற மாதிரி, அந்தம்மா அந்தப் பொண்ணுங்களுக்குச் சொல்றதைக் கேட்டதுதான். ஒரு விஷயம் மட்டும் அப்ப எனக்கு வேடிக்கையா இருந்துச்சி. படுக்கப் போறப்ப அந்தம்மா சக்கரத்து மேல ஒரு உருண்டை மண்ணை, நல்லாப் பெசைஞ்சி, ஈரத்துணி போத்தி விட்டுட்டுப் போவும். எடுத்து வெக்க மறந்துட்டாங்கன்னு நெனச்சிப்பேன். தெனம் மறக்கும். வயசாவுது பாவம்னு நெனச்சிகிட்டு நான் அதையே எடுத்துப்பேன்.

இப்பிடியே நாலு வருஷம். செய்வேன், அழிப்பேன், மண்ணைத் தொட்டியில போட்டுடுவேன். எதையும் சுடல. அந்த நாலாம் வருஷம்தான் எங்க வீட்டுக்காரரு போனாரு. லாரியில லோடு ஏத்தறப்ப கட்டை உருண்டு விழுந்துடுச்சி. கொழுந்தன்தான் கொடம் தூக்கிச் சுத்தி வந்து சுடுகாட்டுல போட்டு ஒடைச்சாரு. பொம்பளைங்க நாங்க தெருமொனையோட நின்னுட்டோம். ஆனா அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சி. அவ்வளவு தூரத்துலேர்ந்து கேக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கேட்டுச்சி.

பதினாறு நாளு கழிச்சி வேலைக்கு வந்தேன். அந்தம்மா கிட்ட வந்துச்சி. என் கையைப் புடிச்சிகிட்டுக் கொஞ்ச நேரம் ஒக்காந்திருந்துச்சி. அது நல்ல மனுஷிதான், அதை நான் சொல்லலன்னு இருக்க வேணாம். அன்னிக்கி மத்தியானம் நான் சக்கரத்துல ஒக்காந்து ஒரு ஜாடி செஞ்சேன். முழங்கால் ஒசரம் இருக்கும். மூணு தடவை விழுந்துச்சி, நாலாவது நின்னுச்சி. அதை அழிக்கல. அழிக்க மனசு வரல எனக்கு. காய வெச்சி, மூலையில கோணி போட்டு மூடி வெச்சேன்.

அடுத்த சூளை அடுக்கறப்ப அதை எடுத்துட்டு வந்து நானே உள்ள வெச்சேன். எங்க வெச்சேன் தெரியுமா? அடுப்புவாய்க்கு ஒட்டுன எடத்துல. நெருப்பு நேரா மூஞ்சில அடிக்கிற எடம் அது. சவுக்குச் சாம்பல் பறந்து பானை மேல ஒக்காந்து, அந்தச் சூட்டுல உருகிக் கண்ணாடி மாதிரி ஓடும். நல்லா வந்தா பச்சையா வழியும், இல்லன்னா பானை வெடிச்சிடும். அந்தம்மா தன்னோட நல்ல ஜாடியை மட்டும்தான் அங்க வெக்கும். நான் யாரையும் கேக்கல. வெச்சிட்டுத் திரும்பினா அந்தம்மா பின்னாடி நிக்குது. பாத்துச்சி. தன்னோட ரெண்டு பானையை வெளியில எடுத்து எடம் பண்ணி வுட்டுச்சி.

ஆறாம் நாளு கதவு பிரிச்சோம். தை மாசம், வெயிலு எளசா இருக்கு. என் ஜாடியை நானே தூக்கிட்டு வந்து வெச்சேன். பாப்பா, சத்தியமா சொல்றேன், தோள்லேர்ந்து அடி வரைக்கும் பச்சை வழிஞ்சி, அடியில ஒரு சொட்டு நின்னுருக்கு, விழப்போற மழைத்துளி மாதிரி. பொண்ணுங்க ஆறு பேரும் கூடிட்டாங்க. ரோஷ்னி என்னைக் கட்டிப் புடிச்சிகிட்டா. எனக்கு அழுகை வருது. அவரு இருந்தா காட்டியிருப்பேனேன்னு ஒரு நெனப்பு.

அந்தம்மா வந்துச்சி. எடுத்துச்சி. சுத்துச்சி. வெரலால தட்டிக் கேட்டுச்சி, சத்தம் நல்லாத்தான் வந்துச்சி, எனக்கே கேட்டுச்சி. அப்பறம் ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சி, ஒரு தடவை எறக்கி, திரும்பத் தூக்குச்சி. அடி கனம்னு சொன்னாங்க. அடி கனம்தான், இல்லன்னு நான் சொல்லல. அடியில மண்ணை விட்டுட்டேன், விழுந்துடுமோன்னு பயம். அப்பறம் என் மூஞ்சியைப் பாத்துச்சி. நேரா கண்ணைப் பாத்துச்சி.

"நல்லா இருக்கு அஞ்சலா," அப்பிடின்னுச்சி. "போதாது."

ஆணியிலேர்ந்து சுத்தியலை எடுத்துச்சி, போட்டுச்சி.

ஆறு பேரு முன்னாடி பாப்பா. அன்னிக்கி அதே வெயில்ல ரோஷ்னியோட சாஞ்ச டம்ளரு பத்திரமா ஒக்காந்திருக்கு. தாலி அறுத்து ரெண்டு மாசம் ஆவல, என் காதுல அந்தக் கொடத்துச் சத்தம் இன்னும் போவல, என் கண்ணு முன்னாடி ஒரு பானையைப் போட்டு ஒடைக்கிறாங்க. கூலிக்காரி பானை, அதுக்கென்னா மரியாதை? தொடப்பத்தை எடுத்து நானே கூட்டி, மொறத்துல அள்ளி, ஒடைஞ்ச ஓடெல்லாம் போடற குழியில கொட்டினேன்.

சாயங்காலம் அந்தம்மா வந்து கேக்குது, "அஞ்சலா, கோவமா?"

நான் இல்லன்னு சொன்னேன்.

"சரி"ன்னு சொல்லிட்டுப் போயிடுச்சி.

நீயே சொல்லு. கோவமான்னு கேட்டா, ஆமான்னு யாராவது சொல்லுவாங்களா? இல்லன்னுதான் சொல்லுவாங்க. திரும்பவும் கேக்கணும். மூணாவது தடவை கேக்கணும். சோறு வேணாம்னு ஒதுக்கி வெச்சா சாப்பிடுன்னு சொல்லணும். அப்பறம்தானே உள்ள இருக்கறது வெளிய வரும்? அந்த ஊருல ஒரு தடவை கேட்டா போதுமாம். இல்லன்னா இல்லையாம். அந்த ஒத்தைக் கேள்வியோட அது நிம்மதியாத் தூங்கப் போயிடுச்சி, நான் விடிய விடிய முழிச்சிருந்தேன்.

அன்னியிலேர்ந்து பேச்சை நிறுத்திட்டேன். வேலையை நிறுத்தல. விறகு போடுவேன், மண்ணு அரிப்பேன், சூளை அடுக்குவேன். அந்தம்மா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேன். பீட்டர்னு ஒரு நாயி இருந்துச்சி அங்க, அதுகிட்டதான் சொல்லுவேன். பீட்டரு, விறகு ஈரமா இருக்குன்னு சொல்லுடா. பீட்டரு, நாளைக்கி நான் ரேஷன் கடைக்குப் போறேன். அந்தம்மாவுக்கு அது புரியுதா? சரி அஞ்சலான்னு எனக்கே பதில் சொல்லும். பொண்ணுங்ககிட்ட, அஞ்சலாவுக்கு பீட்டர்னா ரொம்பப் பிரியம்னு சொல்லியிருக்கு. இதை ரோஷ்னி வந்து என்கிட்ட சொல்றா. நான் எங்க போயி முட்டிக்க?

தையில ஆரம்பிச்சது, ஆடி வரைக்கும் போச்சி. மூணு சூளை எரிச்சோம், ஒரு வார்த்தை இல்ல. ஆடிக் காத்து அடிக்குது, சூளையோட பொகைபோக்கி ஏற்கெனவே ஒரு பக்கம் வாய் பொளந்து நிக்குது. அந்தம்மா சரியா அதுக்குக் கீழ நின்னுகிட்டு ஓட்டை வழியா உள்ள பாக்குது. மேலேர்ந்து செங்கல்லு ஆடுறது எனக்குத் தெரியுது. பீட்டர்கிட்ட சொல்ல முடியுமா அப்ப? "நகருடீ!"ன்னு கத்திட்டேன். எஜமானியம்மாவை. நகந்துச்சி, கல்லு விழுந்துச்சி, நாலு வெரக்கடை தள்ளி. அந்தம்மா கல்லைப் பாத்துச்சி, என்னைப் பாத்துச்சி, விழுந்து விழுந்து சிரிச்சிது. நானும் சிரிச்சிட்டேன், என்னா பண்றது. அதோட பேச்சு வந்துடுச்சி. ஆனா மனசுல இருக்கறது போவல. அன்னிக்கி முடிவு பண்ணேன், இனிமே என் பானை அந்தம்மா சூளைக்குள்ள போகாதுன்னு. போகல. இருபத்தோரு வருஷம் போகல.

சக்கரத்துல ஒக்காரவே இல்லையான்னு கேக்குறியா? ஒக்காரல. மண்ணு உருண்டையை மட்டும் அந்தம்மா தெனம் மறந்து வெச்சிட்டுப் போவும். நான் எடுத்துத் தொட்டியில போட்டுடுவேன்.

இன்னொரு கூத்து கேளு. அவ்வளவு படிச்சிருக்கு, காலேஜுல சொல்லிக் குடுத்திருக்கு, சூளை அடுக்கத் தெரியாது அந்தம்மாவுக்கு. எல்லாம் அடுக்கிட்டு, அடுப்புவாய்ப் பக்கத்துல, நல்ல எடத்துல, ஒரு ஜாடி அளவுக்குக் காலியா விட்டு வெக்கும். ஒவ்வொரு சூளையிலயும். "அஞ்சலா, எடம் இருக்கு"ன்னு வேற சொல்லும். எடம் இருந்தா வெக்க வேண்டியதுதானே? எவ்வளவு விறகு வீணு. நானே அவங்களோட ஒரு ஜாடியைத் தூக்கிட்டு வந்து அந்தச் சந்துல வெச்சிட்டுக் கதவை மூடுவேன். அந்தம்மா பாத்துகிட்டு நிக்கும். நீ புஸ்தகத்துல போட்டிருக்கியே, சாம்பல் ஜாடிங்க, ஒலகத்துலயே பேரு வாங்குனதுன்னு, அதெல்லாம் நான் அந்தச் சந்துல தூக்கி வெச்சதுதான்.

என்னா, ஏன் எழுதறதை நிறுத்திட்ட?

அப்பறம் இடுப்பெலும்பு தேஞ்சி, ஆபரேஷன்னு அமெரிக்காவுக்குப் போனாங்க. திரும்பி வரல. எடத்துக்காரரு எடத்தை வித்துட்டாரு. சூளையைப் பிரிச்சி, செங்கல்லை மினி லாரியில ஏத்திகிட்டு வந்து, தோ, இந்தச் சூளையைக் கட்டுனேன். அதே கல்லு. ஒரு சக்கரமும் வாங்கிப் போட்டேன். கை மறக்கல. எனக்கே ஆச்சரியம். பாண்டிச்சேரியில ரெண்டு கடையில என் ஜாடியை எடுத்துக்கறாங்க. மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவாங்க அந்தம்மா. சூளை வெச்சேன், எனக்கே எனக்கு செய்யறேன்னு நான் சொன்னேன். அதுக்குக் கேக்குது, "எத்தனை ஒடைச்சீங்க?"

ஒண்ணு கூட ஒடைக்கலம்மா, நான் எதுக்கு ஒடைக்கிறேன்னு சொன்னேன். நல்லா ஒறைக்கற மாதிரிதான் சொன்னேன்.

ஒவ்வொரு மாசமும் இதே கேள்வி. எத்தனை ஒடைச்சீங்க. ஒண்ணும் ஒடைக்கல. கடைசியா பேசுனப்ப கொரலு ரொம்ப எறங்கிப் போச்சி. அப்பவும் அதே. "ஏன், சுத்தியல் இல்லையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு எதுக்குமா சுத்தியல்னேன். "அனுப்பறேன்"னாங்க. கேலி பண்றாங்கன்னு நெனச்சேன். சாவறப்பவும் குத்திக் காட்டுறாங்க பாரு, நீ கூலி, உன் பானை ஒடைக்கற சாதி, இந்தா சுத்தியலுன்னு. எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்.

என்னா கேட்ட? மத்த யாரோடதையாவது ஒடைச்சாங்களாவா? அதைத்தானே நான் இவ்வளவு நேரமா கத்துறேன். யாரோடதும் ஒடைக்கல. இருபத்தெட்டு வருஷம், எத்தனை பொண்ணுங்க வந்தாங்க, ஒருத்தியோடதுலயும் சுத்தியல் படல. அந்தம்மாவோடது ஒடைஞ்சிது, என்னோடது ஒடைஞ்சிது. அவ்வளவுதான். நீ ஏன் அப்பிடிப் பாக்குற?

என்னா அது? அவங்க காலேஜு நோட்டா? என்னா எழுதிருக்கு? மெதுவாப் படி, எனக்குப் புரியற மாதிரி தமிழ்ல சொல்லு.

திருப்பிச் சொல்லு.

"கத்துக்க வர்றவங்க பானையில கை வெக்காதே. அது அவங்களோடது. கொயவரோட பானையை மட்டும் ஒடை."

எப்ப எழுதுனது? இங்க வர்றதுக்கு முன்னாடியேவா? காலேஜு சொவத்துலயே எழுதி ஒட்டி வெச்சிருந்தாங்களா? அந்தப் பொண்ணுங்களுக்கெல்லாம் தெரியுமா இது?

இரு.

அந்த மண்ணு உருண்டை மறந்து வெச்சது இல்ல. அப்பிடித்தானே? அந்தச் சந்தும். எடம் இருக்கு, எடம் இருக்குன்னு. இருபத்தோரு வருஷம் எனக்கு எடம் விட்டுகிட்டு நின்னுச்சி, நான் அவங்க ஜாடியையே தூக்கித் தூக்கி வெச்சேன். பாத்துகிட்டு நின்னுச்சே பாப்பா. வாயத் தொறந்து சொல்லக் கூடாதா? அஞ்சலா, அது உன் எடம், உன் பானையை வையின்னு சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிந்துடும்? தமிழ் தெரியலன்னா நாயிகிட்ட சொல்லியிருக்கலாமே, நான் சொல்லல? எனக்கு இப்பத்தான் நெசமாவே கோவம் வருது. அன்னிக்கி ஒடைச்சதுக்கு இல்ல. அது ஒடைக்க வேண்டியதுதான், அடி கனம். எத்தனை ஜாடி செஞ்சிருப்பேன் அந்த இருபத்தோரு வருஷத்துல? கையில பலம் இருந்த வயசு அது. அதெல்லாம் எங்க போச்சி? யாரைக் கேக்கறது நான் இப்ப? செத்துப் போயிட்டாங்களே.

கோவமான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். ஆமான்னு சொல்லியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு வார்த்தை. பாவி, நானும்தானே சொல்லல.

தண்ணி இருக்கா அந்தச் சொம்புல? குடு.

வெயிலு சாஞ்சிடுச்சி. வா, கதவைப் பிரிச்சிடலாம். கல்லு சுடும், அந்தத் துணியைக் கையில சுத்திக்க. ஒண்ணொண்ணா எடு, அவசரப்படாத. அந்தக் கிண்ணத்தையெல்லாம் அங்க பலகையில வை. அது பரவால்ல. அதுவும் பரவால்ல. அடுப்புவாய்கிட்ட இருக்கறதை நான் எடுக்கறேன், நீ தொடாத.

பாரு. எப்பிடி வழிஞ்சிருக்கு பச்சை. கடைக்காரரு பாத்தா இன்னிக்கே வண்டி அனுப்புவாரு. அடி கனம் இல்ல, இப்பல்லாம் அடியில மண்ணு விடறது இல்ல நானு. தூக்கிப் பாரு. லேசா இருக்கா? தட்டிக் கேளு. சத்தம் சுத்தம்.

தோளைப் பாரு ஆனா. இந்தப் பக்கம் கொஞ்சம் தொங்குது. உனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அந்தம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியுது.

உனக்கு வேணுமா? குடுக்க மாட்டேன். என் பேரைச் சுமந்துகிட்டு அது தெருவுல சுத்தும்.

நல்லா இருக்கு. போதாது.

அந்த சுத்தியலைப் பையிலேர்ந்து எடுத்துக் குடு. நீ தள்ளி நில்லு பாப்பா, சில்லு கண்ணுல பட்டுடும். ஒடைச்சதுக்கு அப்பறம் எழுதிக்க, அந்தப் படத்துக்குக் கீழ என்னா எழுதணுமோ அதை.